டிஇஎம்-இல் 15 நானோமீட்டர், டிஎல்எஸ்-இல் 38: தங்க நானோ துகளைப் பிரிப்பதும் அளப்பதும்

கேள்வி சுருக்கமாக இது: சிட்ரேட் முறையில் செய்த தங்கக் கூழ்மம் (நீரில் மிதக்கும் தங்க நானோ துகள்கள்) டிஇஎம் என்ற ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் 15 நானோமீட்டர் காட்டுகிறது. அதே கூழ்மத்துக்கு டிஎல்எஸ் (இயங்கு ஒளிச்சிதறல்) கருவி சராசரி 38 என்கிறது, 150-ஐ ஒட்டி இன்னொரு முகடும் வருகிறது. எதை நம்புவது? பெரியதையும் சிறியதையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். டிஇஎம் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. டிஎல்எஸ் அவை சிதறடிக்கும் ஒளியைப் பார்க்கிறது. இந்த அளவுகளில் சிதறல் ஒளி விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் கூடும். விட்டம் பத்து மடங்கானால் ஒளி ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் துகளுக்கு ஒரே ஒரு 150 நானோமீட்டர் கட்டி (பல துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய திரள்) இருந்தாலும் டிஎல்எஸ்-க்கு வரும் ஒளியில் பாதி அந்தக் கட்டியிடமிருந்து வரும். முந்நூறு துகள் எண்ணிய டிஇஎம் படத்தில் அது கண்ணில் படவே படாது.

கட்டியே இல்லாத கூழ்மத்திலும் டிஎல்எஸ் எண் டிஇஎம் எண்ணைவிடக் கூடுதலாகத்தான் வரும். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட தங்கத் துகள் ஒப்பீட்டு மாதிரிகள் இதற்கு நல்ல சான்று. 8011 என்ற மாதிரிக்கு டிஇஎம் 8.9, பின்சிதறல் டிஎல்எஸ் 13.5 நானோமீட்டர். 8013-க்கு டிஇஎம் 56.0, டிஎல்எஸ் 56.6. இரண்டுமே கவனமாக அளந்து சான்றிதழில் அச்சிட்ட எண்கள். சிறிய துகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியக் காரணம், துகளோடு சேர்ந்து நகரும் சிட்ரேட், நீர் உறை ஆகியவற்றின் தடிமன் துகளின் விட்டத்தோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிடுகிறது. அளவுப் பரவலும் எண்ணைக் கூட்டும். லாக்நார்மல் பரவல் (மடக்கை எடுத்தால் இயல்நிலைப் பரவலாவது) என்று வைத்துக் கணக்குப் போட்டால், 15 நானோமீட்டர் கூழ்மத்தில் பரவல் 10 சதவீதம் என்றால் டிஎல்எஸ் சராசரி 15.9, 20 சதவீதம் என்றால் 18.7. நீர் உறைக்கு இன்னும் சில நானோமீட்டர் சேர்த்தாலும் 38-ஐ எட்டாது. ஆகவே உங்கள் கூழ்மத்தில் கட்டியோ தூசியோ நிச்சயம் இருக்கிறது. முதல் வேலை அதை எடுப்பது, மறு அளவீடு அதன் பிறகு.

கட்டி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் பாதிப் பிரச்சினை பிரிக்கும் மேசைக்கு வரும் முன்பே உண்டானது. டர்கெவிச் 1951-இல் வெளியிட்டு, ஃப்ரென்ஸ் 1973-இல் விரித்த இந்த முறையில் வழக்கமான அளவு: 1 மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலம் 100 மில்லிலிட்டரை ரிஃப்ளக்ஸில் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும் அமைப்பில்) நன்றாகக் கொதிக்கவிட்டு, வேகமாகச் சுழலும் நிலையில் 38.8 மில்லிமோலார் டிரைசோடியம் சிட்ரேட் 10 மில்லிலிட்டரை ஒரே மூச்சில் ஊற்றுவது. மஞ்சள் வெளுத்து, சாம்பல் நீலமாகி, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பாகும். அதற்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, கலக்கிக்கொண்டே ஆறவிட வேண்டும். சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கருக்கள் ஒரே நேரத்தில் பிறக்காது, பரவல் அகலும். குடுவையிலும் ஸ்டர் பாரிலும் (கலக்கும் காந்தத் துண்டிலும்) முந்தைய தங்கம் ஒட்டியிருந்தால் அந்தப் படலமே கருவாகி ஒழுங்கற்ற பெரிய துகள்களை வளர்க்கும். அதற்குத்தான் இராஜ திராவகம்: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, புகைபோக்கி அறைக்குள், அவ்வப்போது புதிதாகக் கலந்தது. இதை மூடிய பாட்டிலில் சேமிக்கக் கூடாது, வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் பக்கத்திலேயே வரக் கூடாது. பிறகு 18 மெகாஓம் நீரில் (அயனி நீக்கிய தூய நீரில்) பல முறை கழுவுங்கள். ஒரு துளி குளோரைடு எஞ்சினாலும் சிட்ரேட் துகள் அதை உணரும்.

பிரிக்கத் தொடங்கும் முன் யுவி-விஸ் (புற ஊதா, கண்ணுறு ஒளி உறிஞ்சல்) நிறமாலை ஒன்று எடுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் பிறகு செய்யும் ஒவ்வொரு படிக்கும் இதுதான் சாட்சி. 15 நானோமீட்டர் தங்கத்தின் முகடு 520 நானோமீட்டரை ஒட்டி நிற்கும். 600 முதல் 700 வரை வால் தூக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. முகட்டின் உறிஞ்சலை 450 நானோமீட்டரில் உள்ள உறிஞ்சலால் வகுத்தால் விட்டமும் தோராயமாகக் கிடைக்கும். ஹைஸ் குழு 2007-இல் தந்த அட்டவணைப்படி அந்த விகிதம் 1.50 என்றால் 10 நானோமீட்டர், 1.61 என்றால் 14, 1.73 என்றால் 20. கட்டி உள்ள கூழ்மத்துக்கு இந்த அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது.

400 நானோமீட்டர் உறிஞ்சலில் இருந்து மொத்தத் தங்கத்தைக் கணக்கிடலாம். 1 சென்டிமீட்டர் குவெட்டில் (அளவீட்டுக் கலத்தில்) 1.2 உறிஞ்சல் என்றால் ஏறக்குறைய 0.5 மில்லிமோலார் தங்கம். மேலே சொன்ன கலவையில் தங்கம் 0.91 மில்லிமோலார், எனவே உறிஞ்சல் 2.2-ஐத் தொடும். அப்படியே அளக்காமல் நான்கு மடங்கு நீர்த்து அளந்து பெருக்குங்கள். 15 நானோமீட்டர் துகள் ஒன்றில் சுமார் ஒரு லட்சத்து நான்காயிரம் அணுக்கள் இருப்பதால், துகள்களின் செறிவு 8.7 நானோமோலார் வரும், அதாவது மில்லிலிட்டருக்கு ஐந்து லட்சம் கோடிக்குச் சற்று மேல். காப்புப் பொருளின் அளவை முடிவுசெய்ய இந்த எண் பிறகு தேவைப்படும்.

இனி சென்ட்ரிஃபியூஜ். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற கருவி உப்சாலாவில் ஸ்வெட்பெரி கையில் பிறந்ததே தங்கக் கூழ்மம் போன்றவற்றின் அளவுப் பரவலைக் காணத்தான். அவரும் ரிண்டேயும் 1924-இல் எழுதியது அதைப் பற்றித்தான். துகள் கீழே இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25 டிகிரி செல்சியஸ் நீரில் 15 நானோமீட்டர் தங்கம் வெறும் புவியீர்ப்பில் ஒரு நாளைக்கு 0.2 மில்லிமீட்டர்தான் இறங்கும். 12,000 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு விசையில், நிமிடத்துக்கு 1.8 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் உயரத் திரவம் தெளிய 17 நிமிடம் ஆகும் என்று கணக்கு சொல்கிறது, நடைமுறையில் 25 முதல் 30 நிமிடம் வைப்பார்கள்.

கட்டியை எடுக்க இவ்வளவு விசை வேண்டாம், இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 1,000 ஜி-யில் 20 நிமிடம் போதும். அந்த நேரத்தில் 50 நானோமீட்டர் துகள் 30 மில்லிமீட்டரைக் கடந்து அடியைத் தொட்டுவிடும், 15 நானோமீட்டர் துகள் 3 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். கட்டிகள் திடக் கோளம் அல்ல, இடைவெளி உள்ளவை என்பதால் அதே விட்டமுள்ள கோளத்தைவிடச் சற்று மெதுவாக இறங்கும். ஆனாலும் 150 நானோமீட்டர் கட்டிக்கு இந்த நேரம் தாராளம். சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் மேல்பகுதியில் எண்பது சதவீதத்தைப் பிபெட்டால் மெதுவாக, திரவத்தின் மேல்பரப்பிலிருந்து எடுங்கள். முனை அடிவரை போக வேண்டாம். இந்த மேல்நீரை மறுபடி டிஎல்எஸ்-இல் வைத்தால், 150 முகடு மறைந்து சராசரி இருபதை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் மாதிரியைக் குறை சொல்லும் முன் தூசியைச் சந்தேகியுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஒரே சுழற்சி சிறியதை மட்டுமே சுத்தமாகத் தருகிறது. அடியில் தங்கிய பகுதியில் பெரியவை எல்லாம் இருக்கும், கூடவே தொடக்கத்திலேயே அடியில் இருந்த சிறியவையும் இருக்கும். பெரியவைதான் வேண்டும் என்றால், அடிப்பகுதியை 2 மில்லிமோலார் சிட்ரேட்டில் பழைய கன அளவுக்கு நீர்த்து, அதே வேகத்தில் மூன்று முறை திரும்பச் சுழற்ற வேண்டும்.

ஆய்வேடுகளில் '12,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 20 நிமிடம்' என்று எழுதியிருப்பதை வைத்து யாரும் எதையும் திரும்பச் செய்ய முடியாது. ஜி மதிப்பு என்பது 0.00001118 பெருக்கல் சென்டிமீட்டரில் ரோட்டார் ஆரம் பெருக்கல் ஆர்பிஎம்-இன் வர்க்கம். அதே 12,000 ஆர்பிஎம், 6 சென்டிமீட்டர் ஆர ரோட்டாரில் 9,660 ஜி, 10 சென்டிமீட்டரில் 16,100 ஜி. வெப்பநிலையும் எழுத வேண்டும். 4 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் இருப்பதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு, சுழற்றும் நேரமும் அந்த விகிதத்தில் நீளும்.

துகளைச் செறிவாக்க 12,000 ஜி-யில் சுழற்றிய பிறகு குழாயின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பெல்லெட் (அடியில் சேரும் படிவு) திடமாக இருக்காது. மாதுளைச் சாற்றுத் துளி போல அடர் சிவப்பாகத் தளும்பி நிற்கும், குழாயைச் சாய்த்தால் சுவரில் வழியும். சுவரில் கருநீலமாகவோ பளபளக்கும் தங்கப் படலமாகவோ ஒட்டியிருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. எவ்வளவு சோனிகேட் செய்தாலும் (மீயொலியால் குலுக்கினாலும்) திரும்பாது, உடைந்த துணுக்குகள் மட்டும் கூழ்மத்தில் கலந்து டிஎல்எஸ்-ஐக் கெடுக்கும். அதைக் கலக்காமல் சிவப்புத் துளியை மட்டும் உறிஞ்சி எடுங்கள். வெறும் நீரில் அல்ல, 2 மில்லிமோலார் சிட்ரேட்டில் கரையுங்கள். வெறும் சிட்ரேட் துகளை ஒரு முறைக்கு மேல் கழுவ வேண்டாம். மேற்பரப்பில் உள்ள சிட்ரேட் நீரில் உள்ள சிட்ரேட்டோடு சமநிலையில் நிற்பது, நீரை மாற்ற மாற்ற மேற்பரப்பும் வெறுமையாகும்.

ஒவ்வொரு படியிலும் தங்கக் கணக்கு பாருங்கள். மேல்நீரின் 400 நானோமீட்டர் உறிஞ்சல் பெருக்கல் கன அளவு, அடிப்பகுதிக்கும் அதே பெருக்கல், இரண்டையும் கூட்டினால் தொடக்க மதிப்பில் 90 சதவீதமாவது வர வேண்டும். வராவிட்டால் மீதி குழாய்ச் சுவரிலோ வடிகட்டியிலோ இருக்கிறது. நைலான் வடிகட்டி சிட்ரேட் தங்கத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. 0.2 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டி எதுவானாலும் முன்னும் பின்னும் உறிஞ்சல் அளக்காமல் நம்பாதீர்கள்.

இதற்கு மேல் நுட்பமாக, உதாரணமாக ஒற்றைத் துகளையும் இரட்டையையும், அல்லது 15-ஐயும் 30-ஐயும் பிரிக்க வேண்டும் என்றால், முதலில் துகளுக்கு உறுதியான காப்பு வேண்டும். வெறும் சிட்ரேட் துகளைச் சர்க்கரை அடுக்கிலோ ஜெல்லிலோ ஏற்றுவது நேர விரயம். காரணம் எளிது: துகள்களை விலக்கி வைப்பது மின்சுமை மட்டுமே. 1 மில்லிமோலார் உப்பில் அந்த விலக்கம் சுமார் 10 நானோமீட்டர் தூரம் எட்டும், 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர்தான். தாங்கல் கரைசலில் போட்ட நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தயோல் (தங்கத்தில் ஒட்டும் கந்தகத் தொகுதி) முனை கொண்ட, மூலக்கூறு எடை 5,000 டால்டன் உள்ள பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) நல்ல காப்பு. அளவைக் கணக்கிட்டே போடுங்கள். 15 நானோமீட்டர் துகளின் மேற்பரப்பு 707 சதுர நானோமீட்டர். சதுர நானோமீட்டருக்கு ஒரு மூலக்கூறு என்று வைத்தால், 10 மில்லிலிட்டர் கூழ்மத்துக்கு 62 நானோமோல். ஐந்து மடங்கு மிகையாகப் போட்டால் 1.5 மில்லிகிராம். நீரில் புதிதாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். தயோல் கரைசலை நாள்கணக்கில் வைத்திருந்தால் காற்றில் ஆக்ஸிஜனேற்றமாகி இரட்டையாக இணைந்துவிடும். காப்பு ஏறியதா என்று பார்க்க, ஒரு பங்கை எடுத்து 100 மில்லிமோலார் உப்பு சேருங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் வெற்றி, ஊதாவானால் போதவில்லை. முகடு ஒன்றிரண்டு நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்வது இயல்பு. மிகை பெக்கை இரண்டு மூன்று முறை சென்ட்ரிஃபியூஜில் கழுவி நீக்குங்கள். இப்போது கழுவலைத் துகள் தாங்கும்.

சர்க்கரை அடுக்கு முறையில் ஒரு கருத்துக் குழப்பம் பரவலாக இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, எடைவாரியாக 60 சதவீதச் சுக்ரோஸ் கரைசலின் அடர்த்தி 1.29. எனவே தங்கம் எந்த அடுக்கிலும் மிதந்து நிற்காது, நேரம் கொடுத்தால் எல்லாமே அடிக்குப் போய்விடும். இங்கே பிரிவது இறங்கும் வேகத்தால் மட்டுமே. அடர்த்திச் சரிவு இருப்பது திரவம் சுழன்று கலக்காமல் இருக்க. அதனால் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் இதன் உயிர்.

15 மில்லிலிட்டர் குழாயில் அடியில் 60 சதவீதச் சுக்ரோஸ் 1 மில்லிலிட்டர், அதன் மேல் 40, 30, 20, 10 சதவீதம் ஒவ்வொன்றும் 3 மில்லிலிட்டர். பிபெட் முனையைச் சுவரில் சாய்த்து, திரவ மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து மெல்ல விடுங்கள். எல்லைக் கோடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிமிர்த்தியபடி சில மணி நேரம் வைத்தால் படிகள் மழுங்கிச் சரிவாகும். மாதிரி 0.3 மில்லிலிட்டர் போதும், அதில் சர்க்கரை இருக்கக் கூடாது. மேல் அடுக்கைவிட மாதிரி கனமாக இருந்தால் பட்டையாக நிற்காமல் விரல் விரலாகக் கீழே ஒழுகும். மிகச் செறிவான தங்கமும் இதே தொல்லையைத் தரும். தொங்கு வாளி ரோட்டாரில் 4,000 ஜி, 90 நிமிடம், வேகமேற்றம் மெதுவாக, பிரேக் இல்லாமல். கணக்குப்படி அந்நேரத்தில் 15 நானோமீட்டர் பட்டை 20 சதவீத அடுக்கிலும், 30 நானோமீட்டர் பட்டை 40 சதவீத அடுக்கிலும் இருக்கும். பெக் உறை இழுவையைக் கூட்டுவதால் உண்மையில் சற்றுத் தாமதமாகும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, பட்டை எங்கே என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். நிலைக்கோண ரோட்டாரில் இதைச் செய்யாதீர்கள், பட்டை சுவரில் மோதிச் சறுக்கிக் கலந்துவிடும்.

மேலிருந்து 0.5 மில்லிலிட்டர் வீதம் எடுத்து, ஒவ்வொரு பங்குக்கும் யுவி-விஸ் எடுங்கள். டிஎல்எஸ்-க்கு அனுப்பும் முன் சர்க்கரையை நீக்கியே ஆக வேண்டும். 30 சதவீதச் சுக்ரோஸின் பாகுத்தன்மை நீரைவிட மூன்று மடங்கு. கருவியில் நீர் என்று தேர்ந்தெடுத்திருந்தால் துகளும் மூன்று மடங்கு பெரியதாகத் தெரியும். ஐந்து மடங்கு நீர்த்துச் சென்ட்ரிஃபியூஜ் செய்யலாம், அல்லது 12,000 டால்டன் டயாலிசிஸ் பையில் நீரை மூன்று முறை மாற்றி ஓரிரவு வைக்கலாம்.

இரட்டை, மும்மைத் துகள்களைப் பிரிக்க அகரோஸ் ஜெல்லில் மின்புலத்தால் ஓட்டுவது இன்னும் கூர்மையானது, ஆனால் மைக்ரோலிட்டர் கணக்கில்தான் கிடைக்கும். மின்சுமை உள்ள காப்பு தேவை. சுமை இல்லாத மீத்தாக்ஸி பெக் ஏறிய துகள் கிணற்றை (ஜெல்லில் மாதிரி இடும் குழியை) விட்டு நகராமல் சோம்பி நிற்கும். கார்பாக்சில் முனை பெக்கோ, பிஎஸ்பிபி என்று சுருக்கிச் சொல்லும் சல்ஃபோனேட் ஃபாஸ்ஃபீனோ நல்லது. ஜெல் 1 சதவீதம், 0.5 மடங்கு டிபிஇ (டிரிஸ்-போரேட்-ஈடிடிஏ) தாங்கல், சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 வோல்ட். மாதிரியில் 10 சதவீதம் கிளிசரால் சேர்த்தால் கிணற்றில் இறங்கும். சாயம் வேண்டாம், சிவப்புப் பட்டையாகத் துகளே தெரியும். கிணற்று வாயில் கறுப்புக் கோடு விழுந்தால் காப்புப் போதாமல் தாங்கலில் கட்டியாகிவிட்டது என்று பொருள், ஜெல்லின் தவறு அல்ல. பட்டையை வெட்டி, நசுக்கி, தாங்கலில் ஓரிரவு ஊறவிட்டு எடுக்கலாம். விளைச்சல் குறைவுதான்.

ஏஎஃப்4 (சமச்சீரற்ற ஓட்டப் புலவழிப் பிரிப்பு) கருவி கைக்கு எட்டும் என்றால் அது தனி வசதி. கிடிங்ஸ் 1966-இல் முன்வைத்த புலவழிப் பிரிப்பின் வழித்தோன்றல் இது. நிரப்புப் பொருள் இல்லாத மெல்லிய கால்வாயில் குறுக்கு ஓட்டம் துகள்களைச் சவ்வை நோக்கித் தள்ளும், சிறியவை விரவலால் மேலெழுந்து முதலில் வெளியே வரும். ஜெல் வடிகட்டல் நிரலில் பெரியவை முதலில் வருவதற்கு இது நேர்மாறு. தங்கம் சவ்வில் ஒட்டுவதுதான் இதன் பெரிய சிக்கல். குறுக்கு ஓட்டம் இல்லாமல் ஒரு ஓட்டம், இருந்தபடி ஒரு ஓட்டம், இரண்டின் முகட்டுப் பரப்பையும் ஒப்பிட்டு மீட்பு விகிதம் சொல்லாத ஏஎஃப்4 படத்தை நான் ஏற்பதில்லை. காணாமல் போனது பெரும்பாலும் பெரிய துகள்களாகவே இருக்கும், அதனால் பரவல் பொய்யாக அழகாகும்.

இனி அளவீடு. டிஎல்எஸ்-இல் பாதி வேலை தூசியை ஒழிப்பதுதான். நீர்க்கப் பயன்படும் 2 மில்லிமோலார் சிட்ரேட்டை 0.2 மைக்ரானில் வடிகட்டுங்கள். குவெட்டை அந்த வடிகட்டிய திரவத்தால் மூன்று முறை அலசுங்கள். முதலில் அந்தத் திரவத்தை மட்டும் வைத்து அளந்து, எண்ணிக்கை வீதம் மாதிரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியை 520 உறிஞ்சல் 0.2 முதல் 1-க்குள் வரும்படி நீர்த்து, 25 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் நிலைக்கவிட்டு, ஐந்து முறை அளந்து பாருங்கள். ஐந்தில் ஒன்றில் மட்டும் பெரிய முகடு வந்தால் தூசி, ஐந்திலும் வந்தால் கட்டி. பாதியாக நீர்த்து மறுபடி அளந்து எண் மாறவில்லை என்றால் செறிவு சரி. பிடிஐ (அளவுப் பரவலின் அகலத்தைச் சொல்லும் எண்) 0.1-க்குக் கீழே என்றால் நல்ல கூழ்மம், 0.3-ஐத் தாண்டினால் அந்தச் சராசரியை எழுதுவதில் பொருள் இல்லை.

மென்பொருள் ஒரு பொத்தானில் ஒளிச்செறிவுப் பரவலை எண்ணிக்கைப் பரவலாக மாற்றித் தரும். அது டிஇஎம் எண்ணுக்குப் பக்கத்தில் வருவதால் பலர் அதையே எழுதிவிடுகிறார்கள். ஆறாம் படியால் வகுக்கும்போது சிறு பிழையும் பல மடங்காகும், பெரிய கட்டிகள் கணக்கிலேயே மறைந்துபோகும். ஒளிச்செறிவுப் பரவலைக் காட்டாமல் எண்ணிக்கைப் பரவலை மட்டும் காட்டுவது வாசிப்பவரை ஏமாற்றுவது. கோல் வடிவத் துகள் என்றால் இன்னொரு பொறி: அதன் சுழற்சி அசைவு 5 நானோமீட்டரை ஒட்டிப் போலி முகடாகத் தெரியும். அதைச் சிறிய துகள் என்று நினைத்துப் பிரிக்கப் புறப்பட வேண்டாம்.

டிஇஎம்-க்கு, கார்பன் படலமிட்ட செம்பு கிரிட்டில் (சிறு வலைத்தட்டில்) 5 மைக்ரோலிட்டர் வைத்து அப்படியே உலரவிடுவதுதான் வழக்கம். உலரும் துளியின் ஓரம் துகள்களை இழுத்துக் குவிக்கும். படத்தில் கட்டி தெரியும், ஆனால் அது கூழ்மத்தில் இல்லாத கட்டி. மாறாக, கிரிட்டைப் பாலி-லைசின் 0.1 சதவீதக் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் மேற்பரப்பு நேர்மின்சுமை பெறும். எதிர்மின்சுமை உள்ள சிட்ரேட் துகள்கள் தனித்தனியாக வந்து ஒட்டும். பிறகு துளியை வைத்து, மூன்று நிமிடத்தில் வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சி, ஒரு துளி நீரால் கழுவுங்கள். கழுவாவிட்டால் சிட்ரேட் படிகங்கள் கற்றையின் கீழ் கொதித்துப் படத்தைக் கெடுக்கும்.

கிரிட்டின் வெவ்வேறு சதுரங்களில் இருந்து, அழகான இடம் தேடாமல், குறைந்தது 300 துகள் எண்ணுங்கள். 10 சதவீதப் பரவலில் 200 துகள் எண்ணினாலே சராசரியின் பிழை 0.7 சதவீதம்தான். அதைவிடப் பெரிய பிழை உருப்பெருக்கத்தின் அளவுத்திருத்தத்தில் இருக்கும். உயர் பிரிதிறன் படத்தில் தங்கத்தின் 111 படிகத் தளக் கோடுகளின் இடைவெளி 0.235 நானோமீட்டர் வருகிறதா என்று பார்த்தால் அளவுகோலைத் துகளே சரிபார்த்துக் கொடுக்கும். இமேஜ்ஜே மென்பொருளில் ஓரத்தில் வெட்டுப்பட்ட துகள்களை விலக்கி, பரப்பிலிருந்து சமவட்ட விட்டம் கணக்கிடுங்கள். 15 நானோமீட்டர் துகள் ஐம்பது பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் துகள்களை மென்பொருள் ஒன்றாக எண்ணிவிடும், அவற்றைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள். வேறு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புபவர்கள் கிரிட்டைத் தாங்களே தயாரித்து அனுப்புவது நல்லது. அங்கே சோனிகேட் செய்து, ஆல்கஹாலில் கலந்து வைத்தால் நீங்கள் பிரித்த மாதிரி அதுவாக இருக்காது.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) வரைபடத்தில் முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவு. தாமிரக் கதிரில் தங்கத்தின் 111 முகடு 38.2 டிகிரியில் வரும், 15 நானோமீட்டருக்கு அதன் அகலம் சுமார் 0.56 டிகிரி. கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காவிட்டால் எண் குறைந்து வரும். சிட்ரேட் தங்கத்தில் இரட்டைப் படிகங்கள் மிகுதி, அதனாலும் டிஇஎம்-ஐவிடக் குறையும். இலைச்சாறு வைத்து வெள்ளித் துகள் செய்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: 27.8, 32.2, 46.2 டிகிரிகளில் முகடு வந்தால் அது வெள்ளி குளோரைடு. சாற்றிலோ நீரிலோ இருந்த குளோரைடின் வேலை. அந்த முகட்டை ஷெரரில் போட்டு வெள்ளித் துகளின் அளவு என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

ஸீட்டா மின்னழுத்தத்தை (துகள் மேற்பரப்பின் மின்சுமையைக் காட்டும் எண்) வெறும் நீரில் அளந்தால் நாளுக்கொரு எண் வரும். 1 மில்லிமோலார் உப்பில் அளந்து, பிஎச் என்ன என்றும் எழுதுங்கள். சிட்ரேட் தங்கத்துக்கு மைனஸ் 30 முதல் 45 மில்லிவோல்ட் வழக்கமானது. இந்த உப்பில் 15 நானோமீட்டர் துகளுக்கு, அளந்த நகர்திறனை ஸீட்டாவாக மாற்றும் ஸ்மோலுகோவ்ஸ்கி மாதிரி பொருந்தாது, ஹ்யூக்கல் பக்கமே நெருக்கம். ஒரே நகர்திறனுக்கு இரண்டும் ஒன்றரை மடங்கு வேறுபட்ட எண் தரும், அதனால் நகர்திறனையே எழுதிவிடுவது பாதுகாப்பு. மின்முனை கறுத்தால் மின்னழுத்தத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள், தங்கம் அங்கே படிகிறது.

ஆகவே உங்கள் அட்டவணையில் மூன்று வரி வேண்டும். டிஇஎம் சராசரியும் திட்ட விலக்கமும், எண்ணிய துகள்களின் எண்ணிக்கையோடு. 1,000 ஜி சுழற்சிக்கு முன் டிஎல்எஸ் சராசரியும் பிடிஐயும். சுழற்சிக்குப் பின் அதே இரண்டும், மேல்நீரில் மிஞ்சிய தங்கத்தின் சதவீதத்தோடு. 38 என்ற எண்ணை மறைக்க வேண்டாம், அதற்குக் காரணமான கட்டி எவ்வளவு சிறு பங்கு என்பதை அந்தச் சதவீதமே சொல்லிவிடும். பிரித்த பங்குகளைக் கண்ணாடிப் புட்டியில், இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். உறையவிடக் கூடாது, பனிப்படிகம் துகள்களை நெருக்கித் தள்ளிக் கட்டியாக்கும். வாரம் கழித்து அளப்பதானால் முதலில் யுவி-விஸ் எடுத்து, 520 முகடும் 650-இன் உறிஞ்சலும் பிரித்த அன்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்ற கருவிகளுக்குப் போங்கள்.